டீ போட்டு வைங்க

பதினோரு வாரம். நிமிஷத்துக்கு ஒரு வரி. கணக்குப் போட்டா ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வரிக்கு மேல வரும். அவ்வளவும் ஒரே ஒரு அம்புக்குறியால போச்சு.

போன வருஷம் எங்க டீம் செஞ்ச மினி ப்ராஜெக்ட் அது. திருவொற்றியூரில் எங்க வீட்டு மொட்டை மாடியில் ஒரு ராஸ்பெர்ரி பை, அதோட பி.எம். 2.5 அளக்கிற ஒரு சின்ன சென்சார், மழைக்கு மேல கவுத்து வெச்ச ஒரு பிளாஸ்டிக் டப்பா. சென்சார் சொல்றதை ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் படிக்கும், ஷெல் அதை ஒரு ஃபைலில் போடும். பை ஆன் ஆனதும் ஸ்கிரிப்ட் தானா ஓடுற மாதிரி வெச்சிருந்தோம். பவர் பேங்க் இருந்ததால சின்னச் சின்ன பவர் கட்டெல்லாம் தாங்கிச்சு. ரிவ்யூவுக்கு நாலு நாள் இருக்கும்போது மழையில ராத்திரி பூரா கரண்ட் இல்ல. காலையில் கரண்ட் வந்தது, பை ஆன் ஆச்சு, ஸ்கிரிப்டும் சமத்தா ஓடிச்சு. ஃபைலைத் திறந்தா அன்னிக்குக் காலையிலிருந்துதான் வரி இருக்கு.

காரணம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நாங்க போட்டிருந்தது ஒத்தை >. அது ஃபைலைத் திறக்கும்போதே உள்ள இருக்கிறதை வழிச்சுத் துடைச்சுட்டுத்தான் எழுதவே ஆரம்பிக்கும். >> போட்டிருந்தா பழசுக்குக் கீழ சேர்த்திருக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது, அந்த வரியை எழுதினது நான்தான். ரிவ்யூவில் நாலு நாள் கிராஃபை வெச்சுக்கிட்டு நான் பேசின பேச்சை டீம்ல இன்னும் நடிச்சுக் காட்டுறாங்க.

அதுக்கப்புறம் எல்லாரும் சொன்னது ஒரே அறிவுரை: "பேக்கப் எடுத்திருக்கலாமே?" எடுத்திருக்கலாம். ஆனா நான் இங்கே சொல்ல வர்றது பேக்கப் பத்தி இல்ல. பேக்கப் என்பது எழுதி முடிச்ச பிறகு எடுக்கிற நகல். ஒரு எண் பிறக்கிற நொடியிலேயே அதை ரெண்டு மூணு இடத்தில் எழுதிடறது வேற விஷயம். அதில் ஒரு இடமாவது உங்க கைக்கு எட்டாத இடமா இருக்கணும் என்பது என் கட்சி. எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து காலேஜுக்கு வர்றவங்களுக்கு இது லேப் சமாச்சாரம் மட்டும் இல்ல. ஏன்னு பிறகு சொல்றேன்.

முதல்ல லேப் பக்கத்தை முடிச்சிடலாம். கமாண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிச்சுக்கோங்க.

ஒரே வரியை ரெண்டு ஃபைலில் எழுதச் சொன்னா நம்மில் பல பேர் 'எக்கோ வணக்கம் > ஒண்ணு > ரெண்டு' என்று போடுவோம். பாஷ் இதுக்கு எர்ரர் கொடுக்காது, அதுதான் வம்பு. ரெண்டு ஃபைலும் உருவாகும். ஆனா 'ஒண்ணு' காலியா கிடக்கும், 'வணக்கம்' மட்டும் 'ரெண்டு'ல இருக்கும். ஷெல் இடமிருந்து வலமா ஒவ்வொரு ஃபைலையும் திறந்துக்கிட்டே போகுது, கடைசியா திறந்ததுக்குத்தான் எழுத்து போய்ச் சேருது. 'ஒண்ணு'ல ஏற்கெனவே ஏதாவது இருந்திருந்தா அதுவும் துடைச்சுப் போயிருக்கும். இசட் ஷெல்லில் இதே வரி ரெண்டு ஃபைலிலும் எழுதும், அது அந்த ஷெல்லுக்கே உரிய வசதி. மேக் வெச்சிருக்கிற நண்பன் "எனக்கு ஒர்க் ஆகுதே மச்சி" என்பான். அவனை நம்பி உங்க பை-யில் போடாதீங்க.

இந்த வேலைக்குன்னே ஒரு கமாண்ட் இருக்கு, டீ. டி, ஈ, ஈ, மூணே எழுத்து. 'எக்கோ வணக்கம் | டீ ஒண்ணு ரெண்டு மூணு' என்று அடிங்க. திரையிலும் காட்டும், மூணு ஃபைலிலும் எழுதும். குறைஞ்சது 13 ஃபைலையாவது ஒரே நேரத்தில் தாங்கணும்னு பாசிக்ஸ் தரநிலை சொல்லுது. நம்மில் யாருக்கும் அதுக்கு மேல தேவைப்படப் போறதில்ல.

முதல் வருஷத்தில் இந்தப் பேரைப் பார்த்ததும் கோல்ஃப் பந்து வைக்கிற குச்சியைத்தான் நினைச்சேன். இங்கிலீஷ் மீடியம் புத்தி. எங்க மாமா மணலி பக்கம் கான்ட்ராக்டில் பைப் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கிரீனை எட்டிப் பார்த்து "இன்னாடா, டீ பைப்புன்னு என்னமோ பேசினு கீற?" என்றார். விளக்கினேன். ரொம்ப சாதாரணமா சொன்னார்: "இது தெரியாதா? ஓடுற லைன்ல நடுவுல டீ போட்டா ரெண்டு பக்கமும் போவும்." அதேதான். குழாய் வேலையில் மூணு வாய் இருக்கிற அந்த டீ ஜாயின்ட்டிலிருந்துதான் கமாண்டுக்கே பேர் வந்தது. பெல் லேப்ஸில் டக் மக்கில்ராய் 1964-லேயே தோட்டத்து ஹோஸ் பைப்பை ஒண்ணோட ஒண்ணு மாட்டற மாதிரி புரோகிராம்களை மாட்டணும் என்று எழுதி வெச்சார். 1973-ல் கென் தாம்சன் அதை யூனிக்ஸில் கொண்டு வந்தார். பைப் வந்த பிறகு டீ வராம இருக்குமா? ஒரே ஒரு வித்தியாசம். மாமாவோட டீயில் தண்ணி பங்கு பிரிஞ்சு போகும். நம்ம டீயில் பிரியாது, எல்லாப் பக்கமும் முழுசா போகும்.

ஆனா டீயும் சாது இல்ல. '-ஏ' என்ற ஆப்ஷன் போடலைன்னா அதுவும் > மாதிரியே பழைய ஃபைலைத் துடைக்கும், அதுவும் பேர் கொடுத்த அத்தனை ஃபைலையும் ஒரே அடியில். நட்சத்திரக்குறி போட்டு 'எல்லா டெக்ஸ்ட் ஃபைலுக்கும்' என்று அடிச்சீங்கன்னா அந்த ஃபோல்டரில் இருக்கிற எல்லா டெக்ஸ்ட் ஃபைலும் காலி. லேப் ரெக்கார்டு இருக்கிற ஃபோல்டரில் விளையாட வேண்டாம்.

இன்னொண்ணு, இதில்தான் நாங்க ரெண்டாவது தடவை மாட்டினோம். டீ போட்டோம், '-ஏ'வும் போட்டோம், ஆனா ஃபைலில் மணிக்கணக்கா ஒரு வரியும் வரல. டீ தன்கிட்ட வந்ததைத் தேக்கி வெச்சுக்காது, வந்ததும் எழுதிடும். தேக்கி வெச்சது பைத்தான். எதிரே திரை இருந்தா வரி வரியா அனுப்பும், பைப் இருந்தா 8,192 பைட் சேர்ற வரைக்கும் கையிலேயே வெச்சிருக்கும். எங்க வரி ஒண்ணு முப்பது பைட் சுமார், நிமிஷத்துக்கு ஒண்ணு. நாலரை மணி நேரத்துக்கு ஒரு தடவைதான் மூட்டை வரும். நடுவுல கரண்ட் போனா அந்த மூட்டை போச்சு. பைத்தானுக்கு '-யு' கொடுத்தா சரியாகிடும். சர்க்யூட்டை நாங்க ரெண்டு நாள் பிரிச்சுப் பிரிச்சு மாட்டினதுதான் மிச்சம்.

சரி, இவ்வளவு எதுக்கு? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு காப்பி எடுக்கிற மாதிரி ஒரு கிரான் ஜாப் போட்டா போதாதா என்று கேட்பீங்க. போதாதுங்கறதை நான் கத்துக்கிட்டது லேப்பில் இல்ல. எங்க அப்பா லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க். எல்.ஆர். புக் பார்த்திருக்கீங்களா? லோடு ஏத்தினதும் எழுதற ரசீது. நடுவுல கார்பன் பேப்பர் வெச்சு அழுத்தி எழுதுவார். சரக்கு அனுப்பறவருக்கு ஒண்ணு, வாங்கறவருக்கு ஒண்ணு, டிரைவருக்கு ஒண்ணு, ஆபீஸுக்கு ஒண்ணு. கலர் கலரா இருக்கும். சின்ன வயசில் கடைசித் தாளில் எழுத்து மங்கலா விழறதைப் பார்த்து, "ஏம்ப்பா, ஒண்ணு எழுதி மூணு ஜெராக்ஸ் எடுத்தா என்ன?" என்று கேட்டேன். "ஜெராக்ஸ் எடுக்கப் போற வழியில எழுபதை தொண்ணூறு ஆக்கிட்டா?" என்றார்.

அந்த ஒரு கேள்விதான் பேக்கப்புக்கும் டீக்கும் இருக்கிற தூரம். எழுதினதுக்கும் நகல் எடுத்ததுக்கும் நடுவுல நேரம் இருந்தா, அந்த நேரத்தில் மூலத்தை வெச்சிருக்கிறவர் சொல்றதுதான் உண்மை. அவர் நல்லவராவே இருக்கலாம். என்னை மாதிரி ஒத்தை அம்பு போடற முட்டாளாவும் இருக்கலாம். எப்படி இருந்தாலும் எண் போச்சு. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் சரக்கு விற்கிற இன்வாய்ஸ் மூணு பிரதி எடுக்கணும்னுதான் விதி இருக்கு. வாங்கறவருக்கு, கொண்டுபோறவருக்கு, விற்கிறவருக்கு. மூணு பேருக்கும் ஒருத்தர் மேல ஒருத்தருக்கு நம்பிக்கை இருக்கணும்னு அவசியமே இல்ல. தாள் மூணு கையில் இருந்தா போதும்.

இப்ப எங்க ஊருக்கு வாங்க.

2017 ஜனவரி 28 விடிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. எண்ணெய் கசியலைன்னுதான் முதல்ல சொன்னாங்க. நான் அப்ப ஏழாவதோ என்னமோ. சில நாளில் எர்ணாவூர் கரையில் கறுப்புக் களி மாதிரி எண்ணெயை மீனவர்களும் காலேஜ் பசங்களும் பக்கெட்டால் அள்ளிக்கிட்டிருந்ததை டிவியில் உலகமே பார்த்துச்சு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துக்கு எண்ணெய் வந்து படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாத்திலும் ஒட்டிக்கிச்சு. எங்கிருந்து வந்தது, எவ்வளவு வந்தது என்றே பல நாள் பேச்சு ஓடிச்சு. அதே மாசம் 26-ந் தேதி நள்ளிரவு நெருங்கும்போது பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போற அமோனியா குழாயில் கசிவு. சின்னகுப்பம், பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ரோட்டுக்கு ஓடினாங்க. ஆலை வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தப்ப காற்றில் அமோனியா ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். 24 மணி நேர சராசரிக்கு நாட்டில் வெச்சிருக்கிற வரம்பு 400.

இந்த மூணிலும் மூக்கெரிச்சலும் கண்ணெரிச்சலும் ஊருக்குத் தெரியும். எண் மட்டும் ஊர் கையில் இல்ல. எத்தனை மணிக்கு ஏற ஆரம்பிச்சது, எவ்வளவு நேரம் உச்சத்தில் இருந்தது, எப்ப இறங்கிச்சு என்று கேட்டா, ஊர்க்காரருக்கு "ரொம்ப நெடி சார்" என்பதுக்கு மேல சொல்ல எதுவும் இல்ல. தாளில் எழுதாத நெடிக்கு எந்த விசாரணையிலும் மதிப்பு கிடையாது.

சட்டம் இதைப் பத்தி யோசிக்காம இல்ல. அதிகமா மாசுபடுத்துற 17 வகைத் தொழிற்சாலைகள் புகைபோக்கியிலும் கழிவுநீர் வாயிலும் தொடர்ந்து அளக்கிற கருவி வைக்கணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவு போட்டது. அந்தத் தரவு ஆலையிலிருந்து மாநில வாரியத்துக்கும் மத்திய வாரியத்துக்கும் நேரடியா போகணும். தமிழ்நாட்டில் கிண்டியில் அதுக்குன்னு ஒரு மையமே இருக்கு. கவனிங்க, ஒரே எண், ரெண்டு சர்வர். மாசுபடுத்துறவர் தானே எழுதி மாசக் கடைசியில் நகல் அனுப்பினா போதாதுன்னு புரிஞ்ச யாரோதான் இதை வடிவமைச்சிருக்காங்க. கமாண்ட் தெரிஞ்சோ தெரியாமலோ, அவங்க போட்டது டீ.

2017 பிப்ரவரி 22-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், இந்த மாதிரி அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஆன்லைனில் காட்டணும்னு சொல்லிச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் படிச்ச நமக்கு ஒரு வித்தியாசம் தெரியணும். காட்டறது வேற, எழுதறது வேற. திரையில் ஓடுற எண் ஸ்டாண்டர்டு அவுட்புட் மாதிரி. ஸ்க்ரோல் ஆனா போச்சு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓடின எண்ணை காலை எட்டு மணிக்குத் தேடறவருக்கு அது இருந்தும் பிரயோஜனம் இல்ல. மூணாவது ஃபைல் ஒண்ணு வேணும், அது வாரியத்துக்கும் ஆலைக்கும் வெளியில இருக்கிறவங்க கையில வேணும். ஊராட்சியோ, மீனவர் சங்கமோ, ஒரு காலேஜ் லேபோ. நம்ம லேபா ஏன் இருக்கக் கூடாது? நிமிஷத்துக்கு முப்பது பைட் என்றால் ஒரு கருவிக்கு ஒரு வருஷத்துக்கு 16 எம்.பி. கூட வராது. நம்ம வாட்ஸ்அப்பில் ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரிசு.

"உங்க சென்சார் எண்ணை யார் நம்புவாங்க?" என்று எங்க கைடு கேட்டார். நியாயம்தான். எங்க சென்சார் மலிவானது, ஒளி சிதறலை வெச்சுக் கணக்குப் போடறது. கடல் காத்தில் ஈரம் ஏறினா துகளோட ஈரத்தையும் சேர்த்து அளந்து கூடுதலா காட்டும். எங்க மாடியில் அளந்த எண்ணை எடுத்துக்கிட்டு யார் மேலயும் குற்றம் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டோம். நான் கேட்கிறது எங்க எண்ணை நம்பச் சொல்லி இல்ல. நல்ல கருவியில் பிறக்கிற எண் மூணு பேர் கையில் பிறக்கட்டும் என்றுதான். எங்க மாடிக் கருவி அதுக்கு ஒத்திகை.

கிளவுடில் போட்டா முடிஞ்சதேன்னு ஒருத்தன் சொன்னான். அக்கவுன்ட் யார் பேரில்? பாஸ்வேர்டு யார்கிட்ட? ரெண்டு ஃபைலும் என் பேரில் இருந்தா நான் ஒரு நாள் தப்பா அழிச்சா ரெண்டும் போகும். வேணும்னே அழிச்சாலும் போகும். என் கைக்கு எட்டாத இடம் என்று மேல சொன்னது இதைத்தான்.

இப்ப எங்க அமைப்பு இப்படி ஓடுது. திருவொற்றியூர் பை-யில் பைத்தான் '-யு' போட்டு ஓடுது. அது டீக்குப் போகுது. டீ '-ஏ' போட்டு ஒரு ஃபைலை மெமரி கார்டிலும் இன்னொண்ணை ஒரு பழைய பென் டிரைவிலும் எழுதுது. ஒரு ஃபைலில் எழுத முடியாம போனாலும் டீ எர்ரர் சொல்லிட்டு மத்ததில் எழுதிக்கிட்டேதான் இருக்கும், கார்டு செத்தாலும் டிரைவில் வரி விழும். டீயோட வலது பக்கத்திலிருந்து இன்னொரு பைப், எஸ்.எஸ்.எச். வழியா, ராயபுரத்தில் இருக்கிற எங்க டீம் தோழி வீட்டு கம்ப்யூட்டருக்கு. அவ அக்கவுன்ட், அவ ஃபைல். சேர்க்க மட்டும் எனக்கு அனுமதி, அழிக்க அனுமதி இல்ல.

இதிலும் ஒரு குழி இருந்தது. நெட் போனப்ப எஸ்.எஸ்.எச். செத்தது. அந்தப் பக்கம் வாய் மூடினதும் டீயும் சேர்ந்து செத்துடுச்சு, அதனால வீட்டு ஃபைலிலும் எழுத்து நின்னு போச்சு. ஒரு கிளை அடைச்சா மெயின் லைனே நின்ன மாதிரி. மாமாகிட்ட சொன்னேன், "வால்வு வெச்சியா?" என்றார். டீக்கு '-பி' என்ற ஆப்ஷன்தான் அந்த வால்வு. பைப் உடைஞ்சாலும் மத்த ஃபைலில் எழுதிக்கிட்டே இருக்கும். நெட் இல்லாத நேரத்து வரிகள் ராயபுரத்தில் ஓட்டையாத்தான் இருக்கும். அந்த ஓட்டையை நாங்க பின்னாடி நிரப்பறதில்ல. நிரப்பினா அது ஜெராக்ஸ் ஆகிடும்.

இந்த செமஸ்டரோட நாங்க நாலு பேரும் கிளம்பறோம். பை அங்கேயே இருக்கும். எர்ணாவூர், கத்திவாக்கம், காசிமேடு பக்கம் வீடு இருக்கிற ஜூனியர் யாராவது மாடியில் இன்னொரு சென்சார் வைக்கவோ, எங்க வரிகளுக்கு இன்னொரு ஃபைலா இருக்கவோ தயார்னா, ஹார்டுவேர் லேப் நோட்டீஸ் போர்டில் பேர் எழுதி வைங்க. பழைய லேப்டாப் போதும், லினக்ஸ் போட நாங்க வர்றோம். வரும்போது எங்க அம்மா கையால நிஜ டீயும் ஃப்ளாஸ்கில் வரும்.